மலைக்குப் போகும் ஸ்னோமொபைலுக்கு எந்தப் பற்சில்லு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் குளிர்கால இணைப்பில் மலைப் பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுவது பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. உடுப்பு, துணை, பனிச்சரிவு எச்சரிக்கை என்று அவசியமானவற்றை அது விடாமல் சொன்னது. ஆனால், "மலைக்குக் கொண்டு போகிறவர்கள் செயின்கேஸில் கியரைக் குறைத்துவிட்டால் போதும்" என்ற ஒரு வரி மட்டும் இடறுகிறது. (செயின்கேஸ் என்பது வண்டியை ஓடவைக்கும் பற்சில்லுகளும் செயினும் உள்ள பெட்டி.) அந்த வரியை நம்பி, கடைக்காரர் கையில் கொடுத்த ஏதோ ஒரு சோடிப் பற்சில்லை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலை ஊர்களான ரெவல்ஸ்டோக்குக்கோ வேல்மவுண்டுக்கோ போகிறவர், அங்கே சரிவின் நடுவில் அறுந்த பெல்ட்டோடு நிற்க நேரலாம். எவ்வளவு குறைப்பது, எந்தப் பற்சில்லை மாற்றுவது, மாற்றியபின் வேறெதைச் சரிபார்ப்பது என்பவற்றையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதாலேயே இக்கடிதம்.

முதலில், எஞ்சினின் பலம் ட்ராக்குக்கு (வண்டியின் அடியில் சுழலும் ரப்பர் பட்டைக்கு) போகும் வழி. எஞ்சினின் முனையில் பிரைமரி கிளட்ச்: பெல்ட்டை இரண்டு சாய்ந்த தட்டுகளுக்கு இடையே பிடித்து, வேகம் கூடக்கூட அதை அச்சிலிருந்து விளிம்பை நோக்கி ஏற்றும் சில்லு. அங்கிருந்து பெல்ட் வழியாக செக்கண்டரி கிளட்ச். அது உட்கார்ந்திருக்கும் மேல் தண்டின் மறுமுனையில் செயின்கேஸ். அதற்குள் மேலே சிறிய பற்சில்லு, கீழே பெரிய பற்சில்லு, இரண்டையும் இணைக்கும் அகலமான செயின். கீழ்ப் பற்சில்லு சுற்றும் தண்டில்தான் ட்ராக்கை இழுக்கும் டிரைவர் சில்லுகள் இருக்கின்றன. கீழ்ப் பற்சில்லின் பல் எண்ணிக்கையை மேற்சில்லின் எண்ணிக்கையால் வகுத்தால் கியர் விகிதம் வரும். மேலே 21, கீழே 49 என்றால் 2.33. மேலே 19, கீழே 49 என்றால் 2.58. விகிதம் பெரிதாகப் பெரிதாக அது இழுவைக் கியர், சிறிதாகச் சிறிதாக வேகக் கியர். கியரைக் குறைப்பது என்றால் இந்த விகிதத்தைப் பெரிதாக்குவது. சமதள ட்ரெயில் (இறுகிய பனிப்பாதை) வண்டிகளில் ஏறக்குறைய 1.8 முதல் 2.0 வரையும், மலை வண்டிகளில் பெரும்பாலும் 2.3 முதல் 2.8 வரையும் காணலாம்.

இழுவைக் கியர் போட்டால் வண்டிக்குப் பலம் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. ஆழமான பனியில் முழுத் த்ராட்டில் கொடுத்து ஏறும்போது ட்ராக் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை எஞ்சினின் குதிரைவலுவும் பனியின் பிடிப்புமே முடிவு செய்கின்றன. செயின்கேஸ் கியர் முடிவு செய்வது, அந்த வேகத்தில் பெல்ட் கிளட்ச்சுக்குள் எந்த உயரத்தில் ஓடும் என்பதை. கியர் தெரிவின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். எஞ்சின் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை) கியர் விகிதத்தால் வகுத்து, டிரைவர் சில்லு ஒரு சுற்றில் இழுக்கும் ட்ராக்கின் நீளத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, பிறகு 0.001524 ஆல் பெருக்குங்கள். கிளட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று ஓடும்போது (பிரைமரியும் செக்கண்டரியும் ஒரே வேகத்தில் சுற்றும்போது) ட்ராக்கின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். அந்த நீளத்துக்கு டிரைவர் சில்லின் பல் எண்ணிக்கையை ட்ராக்கின் பிட்ச்சால் (ஒரு பல் பிடிக்கும் இடத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரத்தால்) பெருக்கினால் போதும்: 3 அங்குல பிட்ச், 8 பல் என்றால் 24 அங்குலம். எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் பலம் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 19/49 கியரில் சுமார் 113 கி.மீ., 21/49 கியரில் சுமார் 125 கி.மீ. ட்ரெயில் வண்டியின் 25/45 கியரில் (1.8) இது சுமார் 163 கி.மீ. ஆகிவிடும்.

இனி ஆழப் பனிக்கு வருவோம். நேராக ஏறும்போது உங்கள் ஸ்பீடோமீட்டர் 70 காட்டுகிறது என்று வையுங்கள். (அது ட்ராக்கின் வேகம். ட்ராக் வழுக்குவதால் வண்டி நகரும் வேகம் அதைவிட நன்றாகக் குறைவு.) 8000 ஆர்பிஎம்மில் அந்த 70 கி.மீ. கிடைக்க, 25/45 கியரில் கிளட்ச் 2.3-க்கு 1 என்ற நிலையில் நிற்க வேண்டும். 21/49 கியரில் 1.8-க்கு 1. 19/49 கியரில் 1.6-க்கு 1. முதலாவது நிலையில் பெல்ட் பிரைமரியின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே வளைவு சிறியது, தட்டுகளைத் தொடும் பரப்பும் குறைவு. பெல்ட் ஓடும் வேகமும் குறைவு என்பதால் அதே குதிரைவலுவைக் கடத்த அது கூடுதலாக இழுபட வேண்டும். அதனால்தான் வழுக்குகிறது, சூடேறுகிறது, ஓரம் கருகுகிறது, நூல் பிரிகிறது. 150 குதிரைவலு எஞ்சின் வழுக்கும் பெல்ட்டில் இழக்கும் ஒவ்வொரு குதிரைவலுவும் வெப்பமாக கிளட்ச் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கியரைக் குறைப்பதால் கிடைக்கும் இலாபம், இந்த இழப்பு குறைவதுதான்.

அப்படியானால் விகிதத்தை 3-க்கு மேல் ஏற்றிவிட்டால் என்ன? ஏற்றலாம், ஆனால் விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்தில் வண்டியை இறக்கும் இடத்திலிருந்து பனிவெளிக்குப் பல கிலோமீட்டர் ட்ரெயில் ஓட வேண்டும். அங்கே பெல்ட் பிரைமரியின் விளிம்புவரை ஏறி, அதற்குமேல் போக இடமில்லாமல் நிற்கும். அதற்குப் பிறகு வேகம் கூட்டினால் ஆர்பிஎம்தான் ஏறும். எஞ்சின் தேவையில்லாமல் கத்தும், பெற்றோல் போகும். இறுகிய பனியில் நீண்ட சரிவை விரட்டி ஏறுகிறவர்களுக்கும், டர்போ வைத்திருப்பவர்களுக்கும் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

ஆகவே கியரை மாற்றுமுன் இப்போது பெல்ட் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதற்கு ஒரு மார்க்கர் பேனை போதும். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, பிரைமரித் தட்டுகளின் உட்புறத்தைத் துடைத்து, அச்சிலிருந்து விளிம்புவரை நேர்கோடுகளாக இரண்டு மூன்று இடத்தில் கீறுங்கள். பெல்ட்டைப் போட்டு, நேரே பனிவெளிக்குப் போய், நீங்கள் வழக்கமாக ஏறும் சரிவை முழுத் த்ராட்டிலில் ஏறுங்கள். ட்ரெயிலில் வேகமாக ஓடிய பின் பார்த்தால் பயனில்லை, கோடு முழுவதும் அழிந்திருக்கும். அதனால் பேனையைக் கூடவே கொண்டு போய்ப் பனிவெளியின் ஓரத்தில் கீறுவதே சரி. ஏறி நின்றதும் எஞ்சினை அணைத்துப் பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரைதான் பெல்ட் ஏறியிருக்கிறது. பாதிக்குக் கீழேயே அழிவு நின்றுவிட்டால் உங்கள் கியர் வேகக் கியர், குறைக்க வேண்டும். பாதியைத் தாண்டி முக்கால்வரை என்றால் கியரில் கை வைக்காதீர்கள். வழக்கமான ஏற்றத்திலேயே விளிம்புவரை போய்விட்டால் அளவுக்கு மீறிய இழுவைக் கியர்.

அதே இடத்தில் இரண்டு கிளட்ச்சின் வெப்பத்தையும் பார்த்துவிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. பெல்ட் 80 பாகை செல்சியசைத் தாண்டியே நிற்கிறது என்றால் எங்கோ வழுக்குகிறது. பிரைமரி மட்டும் கொதித்து செக்கண்டரி இளஞ்சூடாக இருந்தால் வழுக்கல் முன்பக்கத்தில். மறுதலையாக இருந்தால் செக்கண்டரியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குக் கியர் மருந்தல்ல.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். ரெவல்ஸ்டோக் நகரம் கடல் மட்டத்திலிருந்து 480 மீட்டர்தான், ஆனால் அதைச் சுற்றியுள்ள பவுல்டர் மலை போன்ற இடங்களில் ஓட்டுவது 2000 மீட்டர் பக்கம். அங்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அமெரிக்காவில் வயோமிங்கின் டொக்வட்டி கணவாய் 2900 மீட்டருக்கு மேல், அங்கே கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போகும். பலம் குறைந்தால் ட்ராக் வேகம் குறையும், பெல்ட் இன்னும் கீழே இறங்கும். எனவே வயோமிங் போகிறவருக்குப் பொருந்தும் பற்சில்லு, ரெவல்ஸ்டோக் போகிறவருக்கு அளவுக்கு மீறிய இழுவைக் கியராகப் பட்டுவிடலாம். டர்போ வண்டிகளில் கதை வேறு. தயாரிப்பாளர்களில் ஸ்கிடூ 2020 மாடலிலும் பொலாரிஸ் 2022 மாடலிலும் தொழிற்சாலை டர்போவைக் கொண்டுவந்தன. அவை உயரத்திலும் பலத்தைத் தக்கவைப்பதால், அதே மலையில் டர்போ இல்லாத வண்டிக்குப் போட்ட கியரை இவற்றுக்குப் போடுவது பிழை.

ட்ராக்கின் நீளமும் லக்கின் (பனியைப் பிடிக்கும் ரப்பர் மேட்டின்) உயரமும் இதே கணக்கில் சேரும். 154 அங்குல ட்ராக்கைக் கழற்றி 165 போட்டவர், 2.5 அங்குல லக்கிலிருந்து 3 அங்குலத்துக்குப் போனவர் இருவரும் எஞ்சினுக்குப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். டிரைவர் சில்லை மாற்றினால் இன்னும் கவனம் தேவை. உயரமான லக்குக்கு இடம் விடுவதற்காக 8 பல் டிரைவருக்குப் பதில் 7 பல் டிரைவர் போடுவது வழக்கம். அப்போது ஒரு சுற்றுக்கு 24 அங்குலம் 21 ஆகிவிடும். அதாவது செயின்கேஸைத் திறக்காமலே எட்டில் ஒரு பங்கு வேகம் குறைந்தாயிற்று. அதோடு செயின்கேஸிலும் குறைத்தால் இரட்டிப்புக் குறைப்பு. பழைய வண்டி வாங்கும்போது பற்சில்லுகளை மட்டும் எண்ணாமல், குனிந்து டிரைவரின் பல்லையும் எண்ணச் சொல்வது இதனால்தான். ஸ்பீடோமீட்டர் உணரி கீழ்த் தண்டில் இருந்தால், செயின்கேஸ் மாற்றம் அதைப் பாதிக்காது, டிரைவர் மாற்றம் பாதிக்கும்.

அடுத்தது, மேலா கீழா? மேல் பற்சில்லில் இரண்டு பல் குறைப்பது மலிவு, சுலபம், அதனால் பலரும் அதையே செய்கிறார்கள். ஆனால் மேற்சில்லு சிறிதானால் செயினின் இழுவிசை கூடும். 19 பல்லிலிருந்து 17-க்கு இறங்கினால் அதே முறுக்குவிசைக்குச் செயின் ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம் இழுபடுகிறது. ஒவ்வொரு கண்ணியும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. 150 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினில் 17 பல்லை என் வாயால் சொல்லமாட்டேன். செயின்கேஸில் இடமிருந்தால் கீழ்ச்சில்லைப் பெரிதாக்குவதே நல்லது. 49 இருந்த இடத்தில் 51 போட்டால் 19 பல்லோடு 2.68 கிடைக்கும். ஆனால் பெரிய சில்லு மூடியில் உராயாமல் சுற்றுமா என்பதை வாங்குமுன் உறுதி செய்யுங்கள், எல்லாப் பெட்டிக்குள்ளும் எல்லா அளவும் நுழையாது. செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை. பல் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒரே பல்லில் ஒரே கண்ணி திரும்பத் திரும்ப விழாது, தேய்வு பரவும். 19, 21, 49, 51 என்ற எண்களைத் தெரிவதில் இந்த நன்மையும் உண்டு.

செயின் நீளத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு தண்டுக்கும் இடையிலான தூரம் மாறாதது. இரு சில்லுகளின் பற்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை இரண்டு பல் குறைந்தால், செயினில் ஒரு கண்ணிக்குச் சற்றுக் குறைவான தளர்வு வரும். 3/8 அங்குலச் செயினில் அது 8 மில்லிமீட்டர் அளவு. செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனரில் இன்னும் ஓட்டம் மீதி இருந்தால் அது தாங்கும். பழைய செயின் ஏற்கெனவே நீண்டு, டென்ஷனர் முக்கால்வாசி உள்ளே போயிருந்தால் தாங்காது. கூட்டுத்தொகை நாலு பல் மாறினால் இரண்டு கண்ணி நீளமான அல்லது குட்டையான செயின் வேண்டியிருக்கும். 21/49 என்பதை 19/51 ஆக்கினால் கூட்டுத்தொகை இரண்டிலும் 70 என்பதால் பெரும்பாலும் அதே செயின் பொருந்தும். செயினின் அகலத்தையும் கவனியுங்கள்: 11 தகட்டு அகலம், 13 தகட்டு அகலம் என்று இருவகை புழக்கத்தில் உண்டு, பற்சில்லும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தேய்ந்து கொக்கி போல் வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தச் செயின் ஒரு பருவம்கூடத் தாங்காது.

பொலாரிஸ் 2013 மாடல் மலை வண்டிகளில் கொண்டுவந்த குயிக் டிரைவ் அமைப்பில் செயினுக்குப் பதில் பல் பெல்ட். அதில் மேற்சொன்ன கூட்டல் கழித்தல் செல்லாது. அதற்கென்று வரும் சில்லுச் சோடிகளில் ஒன்றைத்தான் தெரிய வேண்டும்.

வேலையைச் செய்யும்போது: எஞ்சின் ஆறியபின் பக்கத் தகட்டையும், மறைத்து நிற்குமானால் சைலன்சரையும் கழற்றுங்கள். செயின்கேஸ் ஒயிலை இறக்குங்கள். காந்த அடைப்பானில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. ஊசி போன்ற துணுக்குகள் இருந்தால் செயினையோ பேரிங்கையோ தேடுங்கள். ஒயில் பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும், டென்ஷனரைத் தளர்த்துமுன், பிரேக்கைப் பூட்டிவைத்து இரு பற்சில்லுகளின் போல்ட்டையும் இளக்குங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்தி, இரண்டு சில்லையும் செயினோடு சேர்த்து ஒன்றாக வெளியே இழுங்கள். பின்னால் இருக்கும் வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று படமெடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று இடம் மாறினாலும் இரு சில்லுகளும் ஒரே தளத்தில் நிற்காது. பழைய செயினைத் திரும்பப் போடுவதானால் அது ஓடிய திசையைப் பெயின்ற்றால் குறித்து அதே திசையில் போடுங்கள். குழிவான வாஷரின் முகம் எந்தப் பக்கம், போல்ட்டின் முறுக்கு எவ்வளவு என்பவற்றை உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்தே செய்யுங்கள். இதில் ஊகம் வேண்டாம்.

டென்ஷனைச் சரிசெய்யும்போது செக்கண்டரியைக் கையால் முன்னோக்கித் திருப்பிப் பிடித்துப் பிரேக்கைப் பூட்டினால், தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்துவிடும். திருகிச் சரிசெய்யும் வகை டென்ஷனரில், போல்ட்டை விரலால் இறுகும்வரை திருகி, கையேடு சொல்லும் அளவுக்கு — பல வண்டிகளில் கால் சுற்று — பின்வாங்கிப் பூட்டுவார்கள். ஸ்பானரால் இறுக்குகிறவர்கள் பேரிங்கைக் கொல்கிறார்கள். மிதமிஞ்சி இறுகினால் வண்டி ஊளையிடும். தளர்ந்தால் த்ராட்டிலை விட்டுப் பிடிக்கும்போது செயின் பெட்டியில் அடித்து, பல்லின்மேல் ஏறித் தாவும், கடைசியில் அறும். பிரேக் தட்டு மேல் தண்டில் இருக்கும் வண்டிகளில் செயின் அறுந்தால் பிரேக்கும் அதோடு போய்விடும். சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்னாகும் என்று எழுதத் தேவையில்லை.

மூடியின் ஓ-ரிங் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஒயில் செயின்கேஸுக்கென்று விற்பதாக இருக்கட்டும், எஞ்சின் ஒயில் வேண்டாம். பொதுவாக ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே பிடிக்கும். கூட ஊற்றினால் நுரைத்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கியில் ஏற்றி, பின்னால் ஒருவரும் நிற்காமல் பார்த்து, மெதுவாக ட்ராக்கைச் சுழலவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

கியர் மாறியதும் கிளட்ச்சின் ஆர்பிஎம் சற்று மாறும். இழுவைக் கியருக்குப் போனால் பெரும்பாலும் கொஞ்சம் ஏறும். நீங்கள் ஓட்டும் உயரத்தில், உங்கள் பனியில், முழுத் த்ராட்டிலில் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம்முக்கு 100 அப்படி இப்படிக்குள் கொண்டுவாருங்கள். ஏறி நின்றால் பிரைமரிக்குள் தட்டுகளை நெருக்கும் வெயிட்டை (எடைக்கட்டியை) கூட்டுங்கள், இறங்கி நின்றால் குறையுங்கள். செக்கண்டரியின் ஹீலிக்ஸையும் (சாய்வான வழிகாட்டித் துண்டு) ஸ்பிரிங்கையும் அதே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று ஒருபோதும் தெரியாது. இதில் இன்னொன்று: ஆர்பிஎம் சரியாக வராத வண்டிக்குக் கியரைக் குறைத்து மறைக்கப் பார்ப்பது பரவலாக நடக்கிறது. வெயிட் பிழையாக இருக்கும் வண்டியில் எந்தப் பற்சில்லும் பிரயோசனம் தராது. வெயிட்டைச் சரிசெய்துவிட்டு மார்க்கர் கோட்டைப் பாருங்கள். பாதிப் பேருக்காவது செயின்கேஸைத் திறக்கும் தேவையே வராது என்பது என் உறுதியான எண்ணம்.

புதுச் செயின் போட்டவர்கள் முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் டென்ஷனை மறுபடி பார்க்க வேண்டும், புதுச் செயின் ஆரம்பத்தில்தான் அதிகம் நீளும். கழற்றிய பற்சில்லுகளை எறிந்துவிடாதீர்கள். வயோமிங்கிலோ கொலராடோவிலோ ஒரு பயணம், அடுத்த மாதம் ரெவல்ஸ்டோக் என்று போகிறவருக்கு அவை திரும்பத் தேவைப்படும். சில்லில் பல் எண்ணிக்கையையும், அதோடு ஓடிய செயினில் கண்ணி எண்ணிக்கையையும் எழுதி ஒன்றாகக் கட்டி வையுங்கள்.

தங்கள் அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, மேலே உள்ள வேகக் கணக்கையாவது ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு ஸ்னோமொபைல் மெக்கானிக்,
காம்லூப்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியா.